தொட்டில் ஆட்டிய கைகளுக்கு ஒரு தாலாட்டு

மறதி என்பது மனிதனுக்கு வாய்த்த பெருவரம் என்று பெரியோர் கூறுவதுண்டு. நேற்றைய துன்பத்தை இன்று ஓரளவேனும் மறந்துவிடுவதாலேயே நாம் காலையில் எழுந்து நம் கடமைகளைக் கவனிக்க முடிகிறது. ஆனால், பெற்ற மகளின் முகத்தையே மறக்கச் செய்யும் மறதியை வரம் என்று யார்தான் சொல்வார்? அத்தகைய கொடிய மறதியினால் அல்லலுறும் முதியோருக்கு, மெல்ல ஆடும் ஒரு கதிரையும் ஓர் ஊஞ்சலும் எவ்வாறு ஆறுதல் தரக்கூடும் என்பதைப் பற்றி இவ்வாரம் நேயர்களுடன் சிறிது அளவளாவ விரும்புகிறோம்.

சப்பிரகமுவ மாகாணத்திலே, இரத்தினபுரி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர் நிவித்திகல. தேயிலையும் றப்பரும் அடர்ந்த குன்றுகள், மாணிக்கக் கல் அகழும் குழிகள், அடிக்கடி பெய்யும் பெருமழை ஆகியவை அப்பகுதியின் அடையாளங்கள். அங்குள்ள தோட்டமொன்றின் லயத்தை நேயர்கள் மனக்கண் முன் கொண்டுவருவார்களாக. விடியற்காலை நான்கு மணி. எண்பதை நெருங்கிய மூதாட்டி ஒருவர் படுக்கையைவிட்டு எழுந்து, இருளிலே எதையோ தேடுகிறார். "கூடைய எங்க வச்சீங்க? பெரட்டுக்கு நேரமாச்சு, கங்காணி ஏசுவாரு" என்று முணுமுணுக்கிறார். அவர் வேலையிலிருந்து நின்று இருபது ஆண்டுகளாகின்றன. அவர் பெயர் சொல்லி ஏசிய கங்காணியும் இன்று உயிருடன் இல்லை. மகள் எழுந்து வந்து கையைப் பிடித்து, "வேலை இல்லம்மா, படுங்க" என்கிறாள். மூதாட்டி அவளை ஏற இறங்கப் பார்த்து, "நீ யாரு புள்ள?" என்று கேட்கிறார்.

அந்த மகளும் கொழுந்து பறிப்பவளே. பொழுது விடிந்ததும் அவள் மலைக்குப் போக வேண்டும். போகாமல் நின்றால் அன்றைய சம்பளம் இல்லை. பிந்திப் போய்க் கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப் பேர்'தான். தாயைத் தனியே விட்டுப் போனால், அவர் கானிலே தவறி விழுவாரோ, மாணிக்கக் குழிப் பக்கம் போய்விடுவாரோ, மழையில் நனைந்து வழி தெரியாமல் நிற்பாரோ என்ற அச்சம். வேறு வழியின்றி, கதவை வெளியே பூட்டிவிட்டுப் போவதா, பழைய சேலையால் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் போவதா என்று அவள் தடுமாறுகிறாள். இந்தத் தாயும் மகளும் நம் கற்பனையில் தோன்றியவர்களே. எனினும், இவர்களைப் போன்றவர்களை நேயர்களுள் பலர் தத்தம் அயலிலே, ஏன், தத்தம் வீட்டிலேயே கண்டிருக்கக்கூடும்.

நோயும் அதன் பெயரும்

"வயது போனால் புத்தி தடுமாறத்தானே செய்யும்" என்று நம்மவர் இதனை அலட்சியம் செய்வது வழக்கம். சிலர் செய்வினை என்றும், சிலர் பிடிவாதம் என்றும் எண்ணுகின்றனர். இஃது அவை எவையும் அன்று. மூளையைத் தாக்கும் ஒரு நோய்.

1901ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர வைத்தியசாலைக்கு, ஐம்பத்தொரு வயதுப் பெண்மணி ஒருவர் கொண்டுவரப்பட்டார். ஞாபகமும் பேச்சும் குழம்பிய நிலையிலிருந்த அவரை அலோய்ஸ் அல்சைமர் என்னும் டாக்டர் கூர்ந்து கவனித்துக் குறிப்பெழுதி வந்தார். 1906இல் அப்பெண்மணி காலமானபின், அவருடைய மூளையை நுண்ணோக்கி வழியே ஆராய்ந்தார். மூளையின் உயிரணுக்களுக்கு இடையே ஒருவகைப் படிவுகளும், உயிரணுக்களுக்குள்ளே நூற்சிக்கல் போன்ற முடிச்சுகளும் காணப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் மாதம் தூபிங்கன் நகரில் கூடிய வைத்தியர் மகாநாட்டிலே தாம் கண்டதை எடுத்துரைத்தார். 1910இல் வெளிவந்த வைத்திய நூலொன்றில், எமில் கிரேப்பெலின் என்ற பேரறிஞர் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார்.

முதுமையில் அறிவை மங்கச் செய்யும் நோய்கள் பல உள. அவற்றுள் பெருமளவு காணப்படுவது அல்சைமர் நோயே. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டில் 5 கோடியே 70 இலட்சம் மக்கள் இத்தகைய மறதி நோய்களுடன் வாழ்ந்தனர். இவர்களுள் நூற்றுக்கு அறுபது முதல் எழுபது பேரின் நோய் அல்சைமர் வகையைச் சேர்ந்தது. நம் நாட்டிலும் ஆராய்ச்சி நடந்துள்ளது. கொழும்புக்கு வடக்கேயுள்ள ராகமப் பகுதியில் 65 வயதைக் கடந்த 703 பேரைப் பரிசோதித்து, 2003இல் அதன் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களுள் 28 பேருக்கு மறதி நோய் இருந்தது. அந்த 28 பேரில் 20 பேருக்கு அல்சைமர் நோய். நூறு முதியோரில் நால்வர் என்பது சிறிய தொகையன்று. ஒவ்வொரு தோட்டத்திலும் எத்தனை முதியோர் உள்ளனர் என்பதை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

மறந்தவர் மறவாதது

இந்நோய் மூளை முழுவதையும் ஒரே நாளில் தாக்குவதில்லை. புதிய செய்திகளைப் பதிவு செய்யும் பகுதியே முதலில் பழுதடைகிறது. ஆதலால், காலையில் உண்டதை மறந்தவர் கலியாண நாளை விவரமாகச் சொல்வார். உடலால் பழகிய பழக்கங்கள் மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்தவை. கொழுந்து கிள்ளும் விரலசைவும், றப்பர் மரத்தில் பால் வெட்டும் கையசைவும், பிள்ளையை மடியிலிட்டு ஆட்டும் அசைவும் நெடுநாள் அழியாது நிற்பது இதனாலேதான். வெயில் ஏறுமுன் பால் நன்றாக வடியும் என்பதால், றப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர் வாழ்நாள் முழுவதும் இருள் பிரியுமுன் எழுந்து பழகியவர். அவருடைய உள்ளம் நாளையும் பொழுதையும் மறந்தாலும், உடல் அந்த வேளையை மறப்பதில்லை.

ஆகவே, விடியலில் கூடை தேடும் மூதாட்டியைப் பைத்தியம் என்று எண்ணுதல் தகாது. அவர் பல ஆண்டு உழைப்பின் கட்டளைக்குப் பணிகிறார். அத்தோடு, இடமும் முகங்களும் அந்நியமாகத் தோன்றுவதால் உள்ளத்தில் ஓயாத பயம். அந்தப் பயமே நடையாகவும், அழுகையாகவும், சில வேளைகளில் கோபமாகவும் வெளிப்படுகிறது. சிலருக்குப் பொழுது சாயும் வேளையில் இது மிகும். இத்தகையவரைப் பூட்டி வைத்தால் பயம் குறையுமா? கட்டி வைத்தால் அமைதி பிறக்குமா? உதறித் திமிறி விழுந்து எலும்பை முறித்துக்கொள்ளும் அபாயமே அதிகம். அசைவை நாடும் உடலுக்கு அபாயமற்ற ஓர் அசைவைக் கொடுத்தால் என்ன என்று சிந்தித்த அறிஞர்கள், தொட்டிலை நினைவுகூர்ந்தனர்.

தொட்டில் கற்பித்த பாடம்

அழும் குழந்தையைத் தொட்டிலிலிட்டு ஆட்டினால் அழுகை ஓய்கிறது. இதனை அறியாத தாய் உலகில் இல்லை. இதன் காரணம் யாது? நம் செவியின் உட்புறத்திலே உடலின் சமநிலையை உணரும் சிறு உறுப்புகள் உள்ளன. அவற்றுள் இரண்டில், மென்மையான பசை போன்ற படலத்தின்மீது சுண்ணாம்புத் துகள்கள் படிந்திருக்கின்றன. உடல் முன்னும் பின்னும் அசையும்போது துகள்களும் சற்றே நகர்கின்றன. அந்நகர்வு நரம்பு வழியாக மூளைக்குச் செய்தியாகச் செல்கிறது. ஒரே சீராக மெல்ல வரும் அச்செய்தி உறக்கத்தையும் அமைதியையும் தூண்டுகிறது.

சுவிட்சர்லாந்தின் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தார் இதனைச் சோதித்தனர். ஆடும் கட்டிலொன்றைச் செய்து, நல்ல சுகமுள்ள 18 இளைஞர்களை ஓரிரவு முழுவதும் அதிலே உறங்கச் செய்தனர். நான்கு விநாடிக்கு ஒருமுறை போய் வரும் மெல்லிய ஆட்டம் அது. ஆடாத கட்டிலில் படுத்த இரவைவிட அவர்கள் விரைவாக உறங்கினர். உறக்கமும் ஆழமாக இருந்தது. உறங்குமுன் கற்ற சொற்களை மறுநாள் நன்றாக நினைவுகூர்ந்தனர். 2019இல் இம்முடிவுகள் வெளிவந்தன. அதே வேளையில் எலிகளை வைத்து நடந்த மற்றோர் ஆராய்ச்சியில், செவியின் அந்த உறுப்புகள் வேலை செய்யாத எலிகளுக்கு ஆட்டத்தினால் பயனில்லை என்று தெரியவந்தது. தொட்டிலின் இரகசியம் செவிக்குள்ளே இருப்பது இதனால் உறுதியாயிற்று.

இவை சுகதேகிகளைப் பற்றியவை. மறதி நோயாளரைப் பற்றிய ஆராய்ச்சி இதற்கும் முன்னரே நடந்துள்ளது. அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நான்சி வாட்சன் என்பாரும் அவர் குழுவினரும், முதியோர் இல்லங்களில் வாழ்ந்த மறதி நோயாளர் 25 பேரை ஆடும் கதிரைகளில் அமரச் செய்தனர். வாரத்தில் ஐந்து நாட்கள், நாளொன்றுக்கு அரைமணி முதல் இரண்டரை மணி நேரம் வரை, ஆறு வாரங்கள் அவர்கள் ஆடினர். அழுகையும் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. வலிக்காக மருந்து கேட்பதும் குறைந்தது. உடலின் சமநிலையும் சிறிது தேறியது. அதிக நேரம் ஆடியவர்களே அதிகப் பயன் பெற்றனர். 1998இல் இவ்வாராய்ச்சி வெளியாயிற்று. காலை நிலத்தில் ஊன்றித் தாமே ஆட்டிக்கொள்வது கால்களுக்கு மெல்லிய தேகப்பயிற்சியாகவும் அமைகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இருபத்தைந்து பேர் என்பது சிறு தொகை. இதனைக் கொண்டு பெரிய வாக்குறுதி எதனையும் அளிப்பது முறையாகாது. ஆடும் கதிரை அல்சைமர் நோயைக் குணப்படுத்தாது. மறந்த முகத்தை மீட்டுத் தராது. இந்நோயை முற்றாக நீக்கும் மருந்தே இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. பயத்தால் நடுங்கும் ஒரு மனிதருக்குச் சிறிது நேர நிம்மதியைத் தரக்கூடும், அவ்வளவே. ஆனால், நாள்தோறும் அந்தப் பயத்தோடு வாழும் குடும்பத்திற்கு அந்தச் சிறிது நேரம் எத்துணை பெரிது என்பதை அனுபவித்தவரே அறிவர்.

வீட்டிலே செய்யும் முறை

விலையுயர்ந்த கதிரை வேண்டியதில்லை. கைப்பிடியுள்ள உறுதியான பழைய கதிரையின் கால்களில், வளைந்த இரு மரச்சட்டங்களைப் பொருத்தித் தரும்படி ஊர்த் தச்சரிடம் கேட்கலாம். அளவுக்கு மிஞ்சிப் பின்னால் சாயாதிருக்கச் சட்டங்களின் பின்முனையில் தடைக்கட்டை வைத்தல் அவசியம். அமர்ந்திருப்பவரின் பாதங்கள் நிலத்திலே நன்றாகப் படிய வேண்டும். ஊஞ்சலாயின், முதுகுச் சாய்வும் இருபுறக் கைப்பிடியும் உள்ளதாக, நிலத்துக்கு அண்மையில் தொங்குவதாக இருத்தல் நன்று. பழைய லயங்களின் கூரை மரங்களை நம்பி ஊஞ்சல் கட்டுவது ஆபத்து. நிலத்தில் ஊன்றிய தனிச்சட்டமே தக்கது.

முதல் நாள் ஐந்து நிமிடம் போதும். முகம் மலர்ந்தால் பத்து, பதினைந்து நிமிடம் என்று கூட்டலாம். இஸ்தோப்பிலே, பழகிய மரமும் மலையும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அமர்த்துவது நல்லது. பதற்றம் மிகும் வேளை எதுவென்று சில நாள் கவனித்து, அதற்குச் சற்று முன்னரே ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். ஜெனீவா அறிஞர்கள் கண்ட நான்கு விநாடிக் கணக்கை நாமும் பின்பற்றலாம். விரைவாக ஆட்டினால் அமைதிக்குப் பதிலாக மயக்கமே வரும்.

கதிரைக்கு வசதியில்லாதவர்களும் மனந்தளர வேண்டியதில்லை. வாங்கிலே பக்கத்தில் அமர்ந்து, கையைக் கையோடு கோத்து, இடமும் வலமுமாக மெல்ல ஒன்றாக அசையலாம். அவர் தம் பிள்ளைகளுக்குப் பாடிய தாலாட்டை முணுமுணுத்தால், மறந்துபோன சொற்கள்கூட அவர் வாயில் திரும்பி வருவதுண்டு. மலையகத்தில் பிறந்து வளர்ந்த முதியவருக்குக் காமன் கூத்தின் தப்போசை கேட்டாலே கால் தாளம் போடும். வெயில் தணிந்த வேளையில் கைபிடித்து லயத்து வாசலில் நாலு அடி நடப்பதும், கூடையில் சிறிது இலையை இட்டு மடியில் வைத்து விரல்களுக்கு வேலை கொடுப்பதும் இவ்வகைச் சிகிச்சையே. ஊஞ்சலில் மகளும் உடன் அமர்ந்தால், நாள் முழுவதும் மலையில் நின்ற அவளுடைய கால்களுக்கும் சிறிது ஓய்வு கிட்டும்.

மறவாதிருக்க வேண்டியவை

முதலாவது: அமைதியின்மைக்கு வேறு காரணம் இருக்கலாம். தாகமோ, மலச்சிக்கலோ, பல்வலியோ, சிறுநீர் முட்டுவதோ சொல்லத் தெரியாமல் நடையாய் நடப்பவர் உண்டு. முதலில் அவற்றை விசாரித்தறிதல் வேண்டும். ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் மிகுந்தால், அது காய்ச்சலின் அல்லது சிறுநீர்த் தொற்றின் அறிகுறியாக இருக்கக்கூடும். தாமதமின்றி வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இரண்டாவது: தலைச்சுற்று உள்ளவர், அண்மையில் எலும்பு முறிந்தவர், நிமிர்ந்து உட்கார இயலாதவர் ஆகியோரை வைத்தியரின் அனுமதியின்றி ஆட்டுதல் கூடாது. உணவு உண்ட உடனேயும் ஆகாது. குமட்டலோ, முகச்சுளிப்போ, பயமோ தோன்றின் உடனே நிறுத்திவிட வேண்டும்.

மூன்றாவது: அமரும்போதும் எழும்போதும்தான் விழுவது அதிகம். அவ்விரு வேளைகளிலும் ஒருவர் கதிரையை அசையாது பிடித்துக்கொள்ள வேண்டும். கதிரையோடு சேர்த்துக் கட்டுவது அறவே கூடாது. கட்டிய கதிரை மற்றொரு சிறையாகிவிடும்.

நான்காவது: மறதி எல்லாம் அல்சைமர் அன்று. தைரோயிட் சுரப்பியின் குறைவு, சில விற்றமின்களின் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றால் வரும் மறதியைச் சிகிச்சையால் மாற்றலாம். எனவே, தோட்ட வைத்திய உதவியாளரிடம் கூறி, இரத்தினபுரி போதனா வைத்தியசாலை போன்ற பெரிய வைத்தியசாலையில் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது புத்திசாலித்தனம். கொழும்பிலே 2001இல் தோன்றிய இலங்கை அல்சைமர் மன்றம் நோயாளரின் குடும்பத்தினருக்கு ஆலோசனை கூறி வருகிறது என்பதையும் நேயர்கள் அறிந்துவைத்தல் நலம்.

ஒரு வேண்டுகோள்

இனி, நம் மகளின் கேள்விக்கு வருவோம். மாலையில் ஆட்டலாம், சரி. பகலெல்லாம் அவள் மலையில் நிற்கும்போது தாயின் கதி என்ன? இதற்கு ஒரு கதிரை மாத்திரம் விடையாகாது என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம்.

தோட்டங்களிலே பிள்ளைக் காம்பரா உண்டு. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் தம் குழந்தைகளை அங்கே ஆயாவிடம் ஒப்படைத்துச் செல்வர். அங்கே வரிசையாய்த் தொங்கிய சேலைத் தொட்டில்களில் ஆடி வளர்ந்த தலைமுறைகள் எத்தனை! தாய் வேலைக்குப் போக வேண்டுமாயின் குழந்தையை யாரேனும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அன்று உணர்ந்தவர்கள், மகள் வேலைக்குப் போக வேண்டுமாயின் மறதியுற்ற தாயையும் யாரேனும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை இன்று உணரலாகாதா? ஒரு காம்பரா, சில ஆடும் கதிரைகள், வேலியிட்ட சிறு முற்றம், பயிற்சி பெற்ற ஒருவர் அல்லது இருவர். இவ்வளவு இருந்தாலே பல வீடுகளின் பூட்டுகள் திறக்கும். தோட்ட நிர்வாகத்தினரும், தொழிற்சங்கத்தினரும், ஆலயப் பரிபாலன சபையினரும் ஒன்றுகூடினால் முடியாததன்று. அதுவரையில், ஒரு லயத்தில் சுகமாயுள்ள முதியோர் இருவர் மூவர் முறை வைத்து மற்றவருக்குத் துணையிருக்கலாம்.

மாணவ மாணவியருக்கும் ஒரு வார்த்தை. பாடசாலை விட்டு வந்ததும், தாய் மலையிலிருந்து இறங்கும் வரை பாட்டியின் பக்கத்தில் அரைமணி நேரம் அமருங்கள். பாட்டி உங்கள் பெயரை மறந்திருக்கலாம், அதற்காக வருந்தாதீர்கள். "நான் யாருன்னு தெரியுதா?" என்று மீண்டும் மீண்டும் சோதிக்கவும் வேண்டாம். பரீட்சையில் விடை தெரியாதபோது உங்களுக்கு ஏற்படும் தவிப்பு அவருக்கும் உண்டு. பாடப் புத்தகத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறுகையால் கதிரையை மெல்ல ஆட்டுங்கள். நீங்கள் உரக்கப் படிக்கும் குரலே அவருக்குத் துணை.

அந்த லயத்து மூதாட்டி ஒரு காலத்திலே, பனியில் விறைத்த கைகளோடு மலையிலிருந்து இறங்கி வந்து, அடுப்பை மூட்டுமுன் தொட்டிலைத் தொட்டு ஆட்டியவர். அந்த ஆட்டத்தில் உறங்கியவர்களே இன்று அவர் வீட்டில் உழைக்கும் மக்கள். வாங்கிய கடனைக் கணக்கிட்டுத் தீர்க்க எவராலும் இயலாது. நாள்தோறும் கால்மணி நேரம் அவருடைய கதிரையை ஆட்டுவது எல்லோராலும் இயலும்.